நாய்க்கு வாத்தியார் வரும் நேரத்தில் நீங்கள் எங்கே?



காலை ஆறரை மணிக்கு நம் நகரத்துக் குடியிருப்புத் தெருக்களில் நடந்து போனால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சென்னை அண்ணா நகர், கோவை ஆர்.எஸ்.புரம், மதுரை கே.கே.நகர் என்று எல்லா ஊரிலும் உண்டு. ஓர் இளைஞர் பைக்கை நிறுத்திவிட்டு கேட்டைத் திறப்பார். லேப்ரடாரோ கோல்டன் ரெட்ரீவரோ வாலை ஆட்டிக்கொண்டு அவரோடு தெருவுக்கு வரும். 'சிட்', 'ஸ்டே', 'ஹீல்' என்று முக்கால் மணி நேரம் பயிற்சி நடக்கும். பிறகு நாயை உள்ளே விட்டுவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் வீட்டுக்காரர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? அடுப்பில் குக்கர் இருக்கும். பிள்ளைக்குத் தலை பின்ன வேண்டும். ஸ்கூல் வேன் வந்துவிடும். யாரையும் குறை சொல்ல முடியாது, காலை நேரம் அப்படி.

ஆனால் மாதக் கடைசியில் அந்த வீட்டில் எழும் புகார் ஒன்றே ஒன்றுதான். "ட்ரெய்னர் சொன்னா கேட்குது. நாங்க சொன்னா கேட்கவே மாட்டேங்குது."

எங்களுக்கு வரும் வாசகர் கடிதங்களிலும் இது அடிக்கடி வருகிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: பணம் கொடுத்தது வீணா? ட்ரெய்னர் சரியில்லையா? எங்கள் நாய்தான் மண்டா?

பெரும்பாலான வீடுகளில் மூன்றுமே இல்லை. நாய் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்த மனிதர், அந்தத் தெரு, அந்தக் காலை நேரம், அவர் பையிலிருக்கும் பிஸ்கட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஓர் இடத்தில் கற்றதைத் தானாகவே இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதில் நாய்கள் கொஞ்சம் பின்தங்கியவை. வகுப்பில் வாய்ப்பாட்டை மளமளவென ஒப்பிக்கும் பிள்ளை, மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் திணறுவதில்லையா, அது போலத்தான். தெருவில் 'சிட்' என்றால் உட்காரும் நாய்க்கு, ஹாலில் விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது வரும் 'சிட்' புத்தம் புதிய பாடம்.

அதனால்தான் வீட்டுக்கே வந்து கற்றுத்தரும் முறையை நான் மனதார ஆதரிக்கிறேன். நாயை ஒரு மாதம் எங்கோ விட்டுவிட்டு 'ட்ரெய்ன்' ஆனதும் கூட்டி வருவதைவிட இது எவ்வளவோ மேல். பிரச்சினை எங்கே நடக்கிறதோ அங்கேயே பாடமும் நடக்க வேண்டும். வீடு என்றால் நாலு சுவர் மட்டுமல்லவே? உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் சேர்ந்ததுதான் வீடு. வாத்தியார் வரும்போது அவர்களும் பாடத்தில் உட்கார வேண்டும் என்பதைத்தான் இந்த இதழில் உங்களிடம் கேட்டுக்கொள்ள நினைக்கிறேன்.

வாசல் மணியிலிருந்தே தொடங்கலாம். நாய் வளர்க்கும் வீடுகளில் தினசரி சண்டை அங்கேதானே தொடங்குகிறது?

ரஷ்யாவில் இவான் பாவ்லோவ் என்ற உடலியல் அறிஞர் இருந்தார். 1904-இல் நோபல் பரிசு வாங்கியது ஜீரணம் பற்றிய ஆய்வுக்காக. உணவு வாய்க்கு வந்தால் எச்சில் ஊறுவது இயல்பு. அவருடைய ஆய்வுக்கூட நாய்களுக்கோ உணவு வருவதற்கு முன்பே, அது வரப்போகிறது என்பதற்கான அடையாளம் தெரிந்தாலே எச்சில் ஊறியது. பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான். ஆனால் அதே பாடம் நம் வீட்டு ஹாலில் தினமும் நடப்பதைக் கவனித்திருக்கிறோமா?

மணி அடிக்கிறது. நாய் ஒருமுறை குரைக்கிறது. அப்பா சோபாவிலிருந்து "ஏய், சும்மா இரு!" என்று கத்துகிறார். அம்மா சமையலறையிலிருந்து இன்னும் சத்தமாக ஓர் அதட்டல். பிள்ளைகள் கதவை நோக்கி ஓடுகிறார்கள். ஒருவர் நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுக்கிறார். நாயின் பக்கம் நின்று இதைப் பார்த்தால் என்ன தெரியும்? மணி அடித்தால் வீடே பதறுகிறது, எல்லோரும் சேர்ந்து குரைக்கிறார்கள், நானும் குரைக்க வேண்டும். சில மாதங்களில் கூரியர்காரர் மணியைத் தொட்டாலே அதன் உடம்பு விறைத்துக்கொள்கிறது. நாம் கற்றுக்கொடுத்ததை அது பிசகாமல் செய்கிறது.

இதை மாற்ற ட்ரெய்னர் தெருவில் எவ்வளவு உழைத்தாலும் பலனில்லை. மணிக்குப் புது அர்த்தம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளையை வெளியே அனுப்பி மணியடிக்கச் சொல்லுங்கள். யாரும் எழுந்திருக்க வேண்டாம், கத்த வேண்டாம். மணி அடித்த அடுத்த நொடி, வாசலிலிருந்து தள்ளி விரித்திருக்கும் நாயின் பாயில் அதற்குப் பிடித்த தின்பண்டம் விழ வேண்டும். மறுபடி மணி, மறுபடி பாய். தாங்காத அளவுக்குப் பதறும் நாயானால் மணியின் சத்தத்தை போனில் பதிவு செய்து, மிகக் குறைந்த ஒலியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். பயத்தையும் பதற்றத்தையும் தணிக்க உலகெங்கும் நல்ல பயிற்சியாளர்கள் செய்வது இதைத்தான். பயமுறுத்தும் விஷயத்தை மிகச் சிறிய அளவில் காட்டி, அதோடு நல்லதொன்றைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். நாள்கள் ஆகும். ஆனால் மணி அடித்ததும் நாய் பாயைத் தேடி ஓடும் நாள் ஒன்று வரும். அந்த வழக்கம் உறுதியாகும்வரை வீட்டில் ஒருவர்கூட "ஏய்" என்று கத்தக் கூடாது. கடினமான பகுதி இதுதான்.

அடுத்தது சாப்பாட்டு நேரம்.

'சாப்பிடும்போது எதுவும் கொடுக்காதீங்க' என்று ட்ரெய்னர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். வீட்டில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். பாட்டிக்கு மட்டும் மனசு கேட்காது. வாயில்லா ஜீவன் பார்த்துக்கொண்டே இருக்கிறதே என்று இட்லி விள்ளலை மேஜைக்கு அடியில் நீட்டுவார். தினமும்கூட இல்லை, எப்போதாவதுதான். "என்னைக்கோ ஒரு நாள் கொடுத்தா என்னடா ஆயிடும்?" என்பார்.

பாட்டியின் அன்பில் தப்பில்லை. ஆனால் அந்த 'என்னைக்கோ ஒரு நாள்'தான் வழக்கத்தை இறுகப் பிடித்து நிறுத்துகிறது. தினமும் கிடைத்துவந்தது நின்றுபோனால் நாய் சீக்கிரம் கைவிட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் அவ்வப்போது கிடைப்பதை லேசில் விடாது. அமெரிக்க உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து காட்டியது இது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கொடுப்பதை எல்லோரும் நிறுத்தியதும் நாய் உடனே அமைதியாகாது. முதல் சில நாள்கள் முன்னைவிட அதிகமாகக் குரைக்கும், மடியில் காலை வைக்கும், முனகும். பழைய வழி பலிக்கவில்லை என்பதால் இன்னும் பலமாக முயல்கிறது, அவ்வளவுதான். அந்தச் சமயத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவர் இளகிவிடுகிறார். "சரி, இந்தா!" அந்த ஒரு நொடியில் நாய் படித்துக்கொள்வது: சாதாரணமாகக் கேட்டால் கிடைக்காது, இவ்வளவு சத்தம் போட்டால் கிடைக்கும். இந்தக் கட்டம் வரும் என்று முன்கூட்டியே பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் யாராவது சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார்கள். சொன்னது ட்ரெய்னர், கேட்டது நாய் மட்டும் என்றால் எப்படித் தெரியும்? பாட்டி கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, நாயின் கிண்ணத்தில், நாய் உட்கார்ந்து காத்திருக்கும்போது கொடுக்கட்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம், நாய்க்கு அவை விஷம்.

உறுமல் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பையோ பொம்மையையோ வைத்திருக்கும் நாயின் பக்கத்தில் பிள்ளை போகிறது, நாய் உறுமுகிறது. உடனே நமக்கு வரும் கோபம் நியாயமானதுதான். ஆனால் உறுமலுக்கு அடித்தால் நாய் உறுமலைத்தான் நிறுத்தும், பயத்தை அல்ல. அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் பல் பதியும். உறுமலுக்கு முன்பே அது பல தடவை சொல்லியிருக்கும். உடம்பு விறைக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். வீட்டுக்கு வரும் நல்ல ட்ரெய்னர் முதல் நாளே இதையெல்லாம் பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்டுவார். காட்டவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். பல் பட்டுவிட்டால், வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விடாமல், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் இன்னும் ஒருவர் இருக்கிறார். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. பல வீடுகளில் நாய்க்குப் பயந்து அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். "ஒண்ணும் பண்ணாதுக்கா, சும்மா வாங்க" என்று நாம் சொல்லிவிடுகிறோம். பயப்படுகிற மனிதரின் திடீர் அசைவுகள் நாயையும் பயப்படுத்தும் என்பது ஒரு பக்கம். ஒருவர் தினமும் பயந்துகொண்டே வேலை செய்வது சரியா என்பது அதைவிட முக்கியம். பயிற்சி நேரத்தில் அவரையும் கூப்பிட்டு, அவர் கையாலும் நாய்க்குப் பிஸ்கட் போட வையுங்கள். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் அவர் வேலை முடிக்கும்வரை நாய் ஒரு கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்.

வெளியாட்கள் என்றதும் 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் நடந்தது பலருக்கு நினைவு வரும். இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறிய செய்தி கேட்டுத் தூங்காத தாய்மார்கள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு எந்த இனத்தைத் தடை செய்யலாம் என்றே பேச்சு ஓடியது. இனமும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த இனமானாலும் கயிறில்லாமல் விடாமலிருப்பது, கூப்பிட்டால் வரப் பழக்குவது, வாய்மூடி போட்டுக்கொள்ளச் சின்னதிலேயே பழக்குவது, இவையெல்லாம் வீட்டில் நடக்கும் வேலை. லிஃப்ட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதும் அதில் சேர்த்திதான்.

சரி, வாத்தியாரை எப்படித் தேர்ந்தெடுப்பது? டாக்டருக்கு இருப்பது போல இவர்களுக்குக் கட்டாயப் பதிவு எதுவும் நம் நாட்டில் கிடையாது. ஆகவே நாம்தான் விசாரிக்க வேண்டும். "நாய் தப்பு பண்ணினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதிலில் சோக் செயின், முள் காலர், ஷாக் காலர், மல்லாக்கத் தள்ளி அமுக்குவது என்று ஏதாவது வந்தால், நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். கூரியர்காரரைப் பார்த்துக் குரைக்கும்போது கழுத்தில் வலி வந்தால், நாய் அந்த வலியை யாரோடு சேர்த்துக்கொள்ளும்? கூரியர்காரரோடுதான். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2010-லேயே ஷாக் காலருக்குத் தடை வந்துவிட்டது. கடிக்கும் சுபாவமுள்ள நாயானாலும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே சரி என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர்களின் சங்கம் 2021-இல் தெளிவாகவே அறிவித்தது.

"நீங்கதான் லீடர்னு காட்டணும் சார், ஆல்ஃபா!" என்று சிலர் சொல்வார்கள். இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1947-இல் ருடால்ஃப் ஷென்கல் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர், பாசல் உயிரியல் பூங்காவில் ஒன்றாக அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து எழுதினார். தலைமைக்காக அடித்துக்கொள்ளும் கூட்டம் என்ற சித்திரம் அங்கிருந்து வந்தது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் பற்றிய புத்தகம் அதைப் பரப்பியது. பின்னாளில் அவரே கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார். காட்டில் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். ஒரு குடும்பம். 1999-இல் அதை எழுதி, தன் பழைய புத்தகத்தை மறுபடி அச்சிட வேண்டாம் என்று பதிப்பாளரிடமும் கேட்டுக்கொண்டார். அந்த நேர்மைக்கு என் வணக்கம். அவர் கைவிட்ட கருத்தை நாம் நம் வீட்டு லேப்ரடாரின் கழுத்தில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

ட்ரெய்னருக்கு முன்னால் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவர். இதுவரை சமர்த்தாக இருந்த நாய் திடீரென்று சிடுசிடுத்தால் காதில் சீழோ, பல்லில் வலியோ, மூட்டு நோவோ, உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். வயதான நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் அது திமிர் அல்ல. வலிக்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. குட்டிகள் உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ 14 வாரத்துக்குள் முடிகிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி சொல்கிறது. ஆக, உங்கள் கைக்கு வரும்போது மிஞ்சியிருப்பது ஆறு வாரம்தான். தடுப்பூசி முடியவில்லையே என்று அந்த ஆறு வாரமும் பால்கனியிலேயே வைத்திருந்தால், பிறகு ஆட்டோ சத்தமும் குடை பிடித்த மனிதரும் அதற்குப் பூதமாகத் தெரியும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, கையில் தூக்கியபடியாவது தெருவைக் காட்டுங்கள். மிக்ஸி சத்தம், குக்கர் விசில், தாடி வைத்த மாமா, சக்கர நாற்காலித் தாத்தா எல்லாம் அறிமுகமாகட்டும். தீபாவளி வெடிக்குக் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்களின் கஷ்டத்தில் பாதி இந்தப் பருவத்திலேயே குறைக்கக்கூடியது என்றுதான் எனக்குப் படுகிறது.

இனத்தைப் பார்த்தும் வாங்குங்கள். 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த நம் ராஜபாளையமும், தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறையும் வேட்டைக்கு ஓடப் பிறந்தவை. அவற்றை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிட்டு, சோபாவைக் கடிக்கிறது என்று ட்ரெய்னரைக் கூப்பிடுவது நியாயமில்லை. நாயைக் கனமான அல்லது குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும், கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க ஓட விடாமல் இருப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஓட்டம், மோப்பம், கடிக்க ஒரு பொருள், இந்த மூன்றும் கிடைத்தாலே பல வீடுகளில் பாதிப் புகார் அடங்கிவிடும்.

வீட்டுக்கு ட்ரெய்னரைக் கூப்பிட நினைப்பவர்கள் அதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எத்தனை மணிக்குக் குரைத்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்போது யார் என்ன செய்தார்கள், அடுத்து நாய் என்ன செய்தது. மூன்றாவதை நேர்மையாக எழுதுங்கள்: கத்தினீர்களா, கொடுத்தீர்களா, கதவைச் சாத்தினீர்களா? முதல் நாள் அந்த நோட்டை அவரிடம் கொடுங்கள். வேலை தெரிந்தவர் நாயைத் தொடுவதற்கு முன் அதைத்தான் படிப்பார். பாட நேரத்தை எல்லோரும் வீட்டில் இருக்கும் மாலைக்கோ ஞாயிற்றுக்கிழமைக்கோ மாற்றித்தரச் சொல்லுங்கள். வாரம் ஐந்து நாள் நீங்கள் இல்லாமல் நடப்பதைவிட, இரண்டு நாள் நீங்கள் எல்லோரும் உட்கார்ந்து நடப்பது நல்லது. பாட்டி உட்பட. எந்தச் சொல்லுக்கு எந்தச் செயல், 'உட்கார்' என்பதா 'சிட்' என்பதா என்று ஒன்றாக முடிவு செய்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அந்த நோட்டில் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து எங்களுக்கும் அனுப்புங்கள். உங்கள் வீட்டு மணி அடிக்கும்போது என்ன நடக்கிறது, யார் முதலில் கத்துவதை நிறுத்தினார்கள், அதற்கு எத்தனை நாள் பிடித்தது என்று அறிய ஆவலாக இருக்கிறேன். பயன்படக்கூடியவற்றை அடுத்தடுத்த இதழ்களில் மற்ற வாசகர்களுக்காகப் பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்